கடலூர் சிப்காட் ஃபேக்டரி நெட்வொர்க்: ரிமோட் டெஸ்க்டாப் போர்ட் 3389 வெளியே திறந்து கிடக்கிறது, எங்கிருந்து மூட ஆரம்பிப்பது?

சிப்காட்_சிஸ்டம்ஸ்:

வணக்கம். ஃபேக்டரி கடலூர் சிப்காட்டில், கணக்குப் பிரிவு புதுச்சேரி வில்லியனூரில். இப்போதைய நிலை இதுதான்.

ஃபைபர் லைன், ஒரு ஸ்டேட்டிக் ஐபி. ஓஎன்டியே (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) ரவுட்டராகவும் வேலை செய்கிறது. அதிலிருந்து 24 போர்ட் சாதா சுவிட்ச். 32 கம்ப்யூட்டர், டேலி ஓடும் விண்டோஸ் சர்வர் 2019 ஒன்று, 16 சேனல் என்விஆர் (கேமரா ரெக்கார்டர்), பயோமெட்ரிக் அட்டெண்டன்ஸ் மெஷின் இரண்டு, ஃபில்லிங் லைனில் பிஎல்சி (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்) மூன்று, வைஃபை ஆக்சஸ் பாயின்ட் இரண்டு. எல்லாமே ஒரே 192.168.1.x-இல் இருக்கின்றன.

ஓஎன்டியில் போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வருவதை உள்ளே உள்ள ஒரு பெட்டிக்கு அனுப்பும் ரூல்): 3389 சர்வருக்கு (வில்லியனூரிலிருந்து 6 பேர் ரிமோட் டெஸ்க்டாப்பில் டேலி பார்க்கிறார்கள்), 8000, 554 என்விஆருக்கு, 4370 பயோமெட்ரிக்குக்கு.

சர்வரின் ஈவென்ட் வியூவரில் 4625 (தோல்வியான லாகின்) நிமிடத்துக்குப் பத்து இருபது என்று வந்துகொண்டே இருக்கிறது. யூசர்கள் அடிக்கடி லாக் ஆகிறார்கள். 3389-ஐ 33890 என்று மாற்றினால் போதும் என்கிறார் ஒருவர். வருஷா வருஷம் சந்தா கட்டும் யுடிஎம் (ஃபயர்வால், வைரஸ் தடுப்பு, வெப் ஃபில்டர் எல்லாம் சேர்ந்த) பெட்டிதான் வேண்டும் என்கிறார் இன்னொருவர். கையில் இருப்பது 40,000 ரூபாய். எதை முதலில் செய்வது?

உப்பனாறு:

மூடுறதுக்கு முன்னாடி, யாராவது ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்திருக்காங்களான்னு பாருங்க. 4625 வெளியே கதவைத் தட்டுற சத்தம் மட்டும்தான். பார்க்க வேண்டியது 4624, வெற்றியான லாகின். அதில் லாகான் டைப் 10 (ரிமோட் டெஸ்க்டாப்) உள்ளதை மட்டும் பிரிச்சு எடுத்து, சோர்ஸ் ஐபி வில்லியனூர் லைனோடதுதானான்னு ஒவ்வொண்ணா ஒப்பிடுங்க. புது யூசர் உருவாகியிருந்தா 4720, லாகையே அழிச்சிருந்தா 1102. டாஸ்க் ஷெட்யூலர், சர்வீசஸ் ரெண்டிலும் உங்களுக்குத் தெரியாத பேர் இருக்கான்னும் பாருங்க.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. செக்யூரிட்டி லாகோட அளவு வழக்கமா 20 எம்பிதான். 4625 இந்த வேகத்தில் கொட்டினா பழைய வரிகள் சீக்கிரமே அடிச்சுக்கிட்டுப் போயிடும். அதனால 4624-இல் ஒண்ணும் இல்லைங்கிறதை வெச்சு யாரும் வரலைன்னு முடிவு கட்டாதீங்க. அளவை 1 ஜிபி ஆக்கிட்டு அடுத்த வேலைக்குப் போங்க. சந்தேகப்படும்படி ஏதாவது இருந்தா வைரஸ் ஸ்கேன் ஓட்டித் திருப்திப்பட வேண்டாம். சர்வரைப் புதுசா நிறுவி, டேலி டேட்டாவை மட்டும் பழைய பேக்கப்பிலிருந்து எடுங்க.

33890 யோசனையை விட்டுடுங்க. ஸ்கேன் பண்றவங்க 65,535 போர்ட்டையும் துழாவுறாங்க. ஆர்டிபி, அதாவது ரிமோட் டெஸ்க்டாப், தன்னோட முதல் பதில்லயே தான் யாருன்னு சொல்லிடும், எந்தப் போர்ட்டில் இருந்தாலும். அதோட பாஸ்வேர்டு மட்டும் பிரச்சினை இல்லை. 2019 மே மாசம் வெளிவந்த புளூகீப் ஓட்டை பாஸ்வேர்டு கேக்குறதுக்கு முன்னாடியே உள்ளே விடுற ரகம். அது விண்டோஸ் 7, சர்வர் 2008 ஆர்2 மாதிரி பழசுகளுக்கு. ஆனா அதே வருஷம் ஆகஸ்டில் வந்த சிவிஇ-2019-1181, 1182ங்கிற ரெண்டு ஓட்டையும் உங்க சர்வர் 2019-ஐயும் தொட்டுது. பேட்ச் போடத் தவறின ஒரு மாசம் போதும்.

செய்ய வேண்டியது: எல்லா போர்ட் ஃபார்வர்டையும் எடுத்துடுங்க. வெளியே ஒரே ஒரு வாசல், அது விபிஎன், இன்டர்நெட் மேல போற பூட்டின டன்னல். நான் வயர்கார்டு சொல்வேன். சாவி பொருந்தாத பாக்கெட்டுக்கு அது பதிலே தராது. அதனால ஸ்கேன் பண்றவனுக்கு அங்கே ஏதோ ஓடுதுன்னே தெரியாது.

சாமான்: ரெண்டு இடத்துக்கும் மைக்ரோடிக் ஹெக்ஸ் மாதிரி 5 போர்ட் கிகாபிட் ரவுட்டர் ஒவ்வொண்ணு. வயர்கார்டுக்கு ரவுட்டர்ஓஎஸ் 7 வேணும். ஃபேக்டரிக்கு 24 போர்ட் மேனேஜ்டு சுவிட்ச் ஒண்ணு, விலான் போட, அதாவது ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காப் பிரிக்க. உங்க பட்ஜெட்டுக்குள்ள வரும். ஓஎன்டியை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலை செய்யாம லைனை மட்டும் கடத்துற நிலை) போடச் சொல்லி லைன் கொடுக்கிறவங்ககிட்ட கேளுங்க. பிபிபிஓஇ (லைனில் லாகின் பண்ற முறை) யூசர்நேமும் பாஸ்வேர்டும் உங்க ரவுட்டர்ல இருக்கணும்.

ஃபயர்வால் ரூல்கள் மேலேருந்து கீழே படிக்கப்படும், வரிசை மாறினா அர்த்தமே மாறிடும். இன்புட் செயினில் (ரவுட்டருக்கே வர்ற பாக்கெட்): எஸ்டாப்ளிஷ்டு, ரிலேட்டட் (ஏற்கெனவே பேசிக்கிட்டிருக்கிற கனெக்ஷன்) அனுமதி; இன்வாலிட் டிராப்; ஐசிஎம்பி (பிங்) அனுமதி; யுடிபி 51820 (வயர்கார்டு) அனுமதி; மேனேஜ்மென்ட் கம்ப்யூட்டரிலிருந்து வின்பாக்ஸ் (மைக்ரோடிக்கை அமைக்கிற ப்ரோக்ராம்) 8291 அனுமதி; லேனிலிருந்து டிஎன்எஸ், என்டிபி (நேரம்) அனுமதி; மீதி எல்லாம் டிராப். ஃபார்வர்டிலும் (ரவுட்டர் வழியாக் கடந்து போற பாக்கெட்) அதே மாதிரி, கடைசி ரூல் டிராப்பா இருக்கணும்.

நிறைய பேர் சறுக்குற இடம் ஒண்ணு சொல்றேன். ரெடிமேட் ரூல்கள்ல பலதும் வேன்ங்கிற (இன்டர்நெட் பக்கத்து) இன்டர்ஃபேஸ் லிஸ்ட்டை நம்பி எழுதியிருக்கும். பிபிபிஓஇ போட்டதும் இன்டர்நெட் வர்ற வழி ஈத்தர்1 கிடையாது, பிபிபிஓஇ-அவுட்1. அதை அந்த லிஸ்ட்டில் சேர்க்கலைன்னா வேனுக்கு எழுதின டிராப் ரூல் எதிலும் பட்டுக்காது. ரூல் பக்கத்திலுள்ள பாக்கெட் கவுன்ட்டர் ஏறாம பூஜ்யத்திலேயே நின்னா அதுதான் காரணம்.

ரிமோட்டிலிருந்து ரூல் மாத்தும்போது வின்பாக்ஸில் சேஃப் மோடை அழுத்திட்டு ஆரம்பிங்க. உங்களை நீங்களே வெளியே பூட்டிக்கிட்டா, கனெக்ஷன் அறுந்ததும் மாத்தினதெல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். இல்லைன்னா வில்லியனூரிலிருந்து சிப்காட்டுக்கு வண்டி எடுக்கணும்.

முகவரியை இப்பவே மாத்துங்க. ரெண்டு பக்கமும் 192.168.1.x இருந்தா டன்னல் ஏறும், ஆனா ஒரு பாக்கெட்டும் போகாது. தேடுற முகவரி தன் வீட்டிலேயே இருக்குன்னு ரவுட்டர் நினைச்சுக்கும். கடலூருக்கு 10.33, புதுச்சேரிக்கு 10.34ன்னு வைங்க. ஜிஎஸ்டி ஸ்டேட் கோடுதான், கணக்குப் பிரிவுக்கே மறக்காது. 10.33.10.0/24 ஆபீஸ், 10.33.20.0/24 சர்வர், 30 கேமரா, 50 விசிட்டர் வைஃபை.

என்விஆர்_வயர்மேன்:

கேமரா பக்கம் நான் சொல்றேன்.

8000, 554 ரெண்டையும் இன்னிக்கே எடுங்க சார். 2021 செப்டம்பர்ல ஹிக்விஷன் கம்பெனி கேமரா சாமான்ல வந்த சிவிஇ-2021-36260 ஓட்டைக்கு யூசர்நேமும் வேணாம் பாஸ்வேர்டும் வேணாம், ஒரு வெப் ரிக்வெஸ்ட் அனுப்புனா பெட்டி அவன் கையில. பெட்டி உங்க சர்வர் இருக்கிற அதே சுவிட்ச்ல இருந்தா அடுத்தது சர்வர்தான். 2016ல மிராய் மால்வேர் சேர்த்த பட்டாளத்துல முக்காவாசி டிவிஆர், கேமரா மாதிரி சாமான்தான். எல்லாம் ஃபேக்டரி பாஸ்வேர்டு.

ஓஎன்டி பேஜ்ல இன்னும் ரெண்டு இடம் பாருங்க. ஒண்ணு டிஎம்இசட். அவசரத்துக்கு இன்ஸ்டால் பண்றவங்க என்விஆர் ஐபியை அதுல போட்டுட்டுப் போயிடுவாங்க. அப்படிப் போட்டா வேற ரூல் இல்லாத அத்தனை போர்ட்டும் என்விஆருக்குத்தான் போகும். ஃபார்வர்டு லிஸ்ட் காலியா இருக்கேன்னு நீங்க நிம்மதியா இருப்பீங்க. இன்னொண்ணு யுபிஎன்பி. அது ஆன்ல இருந்தா என்விஆரே ரவுட்டர்கிட்ட சொல்லிப் போர்ட்டைத் திறந்துக்கும். ரவுட்டர்ல ஒரு தடவை, என்விஆர் மெனுல ஒரு தடவை, ரெண்டு இடத்துலயும் ஆஃப் பண்ணணும்.

முதலாளி போன்ல கேமரா பார்க்கணும்னா அந்த போன்ல வயர்கார்டு ஆப் போட்டு, 10.33.30.x-க்கு மட்டும் விடுங்க. கம்பெனியோட கிளவுட் ஆப்ல கியூஆர் ஸ்கேன் பண்ணிப் பார்க்குறது போர்ட் திறக்குறதைவிட மேல். ஆனா என்விஆர் எந்நேரமும் வெளிய பேசிக்கிட்டே இருக்கணும். கேமரா விலானுக்கு இன்டர்நெட்டே கொடுக்காம விடத்தான் எனக்கு மனசு. நேரம் மட்டும் ரவுட்டர்லேருந்து எடுத்துக்கட்டும்.

அப்புறம் காம்பவுண்டு சுவர். வெளிப்பக்கம் மாட்டின ஐபி கேமராவோட கேபிள் நேரா உங்க நெட்வொர்க்தான். ஏணி வெச்சு ஜாக்கைக் கழட்டி லேப்டாப்ல சொருகுனா ஃபயர்வால் எல்லாம் அவனுக்குப் பின்னாடி. கேமரா பிஓஇ சுவிட்ச் (கேபிள்லயே கரண்ட் கொடுக்கிறது) சாதாவா இருந்தாலும் பரவாயில்ல, அதை மேனேஜ்டு சுவிட்ச்ல விலான் 30 ஆக்சஸ் போர்ட்ல மட்டும் கோத்து விடுங்க. ஜாக்கை மூடின பெட்டிக்குள்ள வைங்க. சிப்காட் பக்கம் அடிக்கிற உப்புக்காத்துக்கு வெளிய தொங்குற ஆர்ஜே45 பின்னெல்லாம் பச்சை பூத்துடும். கேமரா விட்டுவிட்டு வருதுன்னு ஆள் வந்து, அவசரத்துக்குக் கைக்கு எட்டின போர்ட்ல மாத்திச் சொருகுவாரு. அன்னியோட உங்க விலான் போச்சு.

ரேக்ரூம்_புதுவை:

உப்பனாறு சொன்னதோடு உடன்படுகிறேன். விடுபட்டவை சில.

முதலாவது ஐபிவி6, புது வகை ஐபி முகவரி. இப்போதைய ஃபைபர் லைன்கள் பலவற்றில் ஐபிவி6 தானாகவே வந்துவிடுகிறது. அங்கே நாட் (ஒரே பொது ஐபிக்குப் பின்னால் எல்லாரையும் வைப்பது) இல்லை. உள்ளே உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் உலகம் முழுவதும் எட்டக்கூடிய முகவரி கிடைக்கும். ஐபிவி4-இல் எழுதிய ரூல் ஒன்றுகூட அதற்குப் பொருந்தாது, தனி ஃபயர்வால் பக்கத்தில் தனியாக எழுத வேண்டும். ரவுட்டரை வெற்று நிலைக்கு ரீசெட் செய்து கையால் அமைப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். தேவையில்லை என்றால் ஐபிவி6-ஐ அணைத்துவிடலாம். வைத்துக்கொண்டால் ஃபார்வர்டில் எஸ்டாப்ளிஷ்டு தவிர உள்ளே வருவதையெல்லாம் டிராப் செய்யுங்கள். ஆனால் ஐசிஎம்பிவி6-ஐ மொத்தமாக அடைக்காதீர்கள். டைப் 2, 133 முதல் 136 வரை அடைபட்டால் சில தளங்கள் திறக்கும், சில பாதியில் நிற்கும். காரணம் தேடி நாள் போய்விடும்.

இரண்டாவது எம்டியு, ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. பிபிபிஓஇ லைனின் எம்டியு 1492. வயர்கார்டு தன் பங்குக்கு ஐபிவி4 மேல் 60 பைட், ஐபிவி6 மேல் 80 பைட் எடுத்துக்கொள்ளும். ஆகவே டன்னலுக்கு 1412 என்று இரு பக்கமும் வையுங்கள். இயல்பாக வரும் 1420 ஐபிவி4 மேல் தாங்கும், ஆனால் ஐபிவி6 மேல் ஓடும் டன்னலில் அதை அப்படியே விட்டால் பிங் போகும், ஆர்டிபி பாஸ்வேர்டு கேட்கும், பிறகு கறுப்புத் திரையோடு நிற்கும். சின்ன பாக்கெட் போகிறது, பெரியது வழியில் விழுகிறது. சோதிக்க, துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1384 பைட் பிங் அனுப்புங்கள். 28 பைட் தலைப்பும் சேர்ந்து 1412. அது போய் 1385 போகவில்லை என்றால் சரியாக இருக்கிறது.

மூன்றாவது, வில்லியனூரில் ஸ்டேட்டிக் ஐபி வாங்க வேண்டாம். அங்குள்ள ரவுட்டரின் வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரையில் ஆரம்பித்தால் அது பலர் பங்கிடும் முகவரி. வெளியிலிருந்து உள்ளே வர முடியாது, ஆனால் அங்கிருந்து கடலூருக்குப் போகலாம். ஒரு பக்கம் பொது ஐபி இருந்தால் போதும். வில்லியனூர் பக்கம் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் 25 நொடி வைத்தால் வழி திறந்தே இருக்கும்.

யுடிஎம் கேள்விக்கு: நல்ல சாமான்தான். ஆனால் சந்தா முடிந்த யுடிஎம், மேலே நான்கு போர்ட் ஃபார்வர்டோடு, நம் ஊரில் எத்தனை ரேக்கில் தூங்குகிறது என்று எண்ண முடியாது. முதலில் வாசலை மூடுங்கள். 32 பேரின் பிரவுசிங்கைப் பார்க்க வேண்டிய தேவை வந்தால் பிறகு யோசிக்கலாம்.

பிஎல்சி பற்றி யாரும் பேசவில்லை. பிஎல்சிகள் பேசும் மோட்பஸ் டிசிபி 502-இல் பாஸ்வேர்டு என்ற ஒன்றே கிடையாது. எட்ட முடிந்தவர் எழுதவும் முடியும். தனி விலான், இன்டர்நெட் இல்லை, ஆபீஸிலிருந்தும் இல்லை. டேட்டா எடுக்கும் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் அனுமதி. பேனலைத் திறந்து பாருங்கள். மெஷின் கொடுத்தவர் சிம் போட்ட சின்ன 4ஜி ரவுட்டர் ஒன்றை டின் ரெயிலில் (பேனலுக்குள் சாமான் மாட்டும் பட்டை) மாட்டி வைத்திருக்கலாம். அது உங்கள் ஃபயர்வாலைச் சுற்றிப் போகும் இன்னொரு வாசல். சர்வீஸ் வரும் நாளில் மட்டும் அதற்குக் கரண்ட் கொடுங்கள்.

சிப்காட்_சிஸ்டம்ஸ்:

மூவருக்கும் நன்றி. 4624-இல் வெளி ஐபி எதுவும் இல்லை, ஆனால் லாக் 2 நாள் பின்னோக்கித்தான் இருக்கிறது. அதனால் சர்வரை மறுபடி நிறுவிவிட்டோம். ஃபார்வர்டுகள் எல்லாம் எடுத்தாயிற்று. ஓஎன்டி பிரிட்ஜ், டன்னல் ஏறியது, வில்லியனூரில் டேலி ஓடுகிறது.

இரண்டு பிரச்சினை. ஐபி மாற்றியதும் பயோமெட்ரிக் மெஷின் காணாமல் போனது. பிஎல்சிகளுக்கு ஐபி மாற்ற மெஷின் கம்பெனி ஆள் வந்தால்தான் ஆகும் என்கிறார்கள். ஆடிட்டருக்கு மஞ்சக்குப்பத்திலிருந்து வாரம் ஒரு நாள் டேலி வேண்டும். அவருக்கு எப்படிக் கொடுப்பது? வெளியிலிருந்து சரிபார்க்க என்ன வழி? ஆபீஸ் வைஃபையிலிருந்து நம் ஸ்டேட்டிக் ஐபியைத் திறந்தால் ரவுட்டர் லாகின் பக்கம் வருகிறதே?

உப்பனாறு:

வைஃபையிலிருந்து பார்த்தா அது உள்ளேருந்து பார்க்கிற மாதிரி. போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை மாட்டி என்மேப்பில் (போர்ட் ஸ்கேன் ப்ரோக்ராம்) 65,535 டிசிபி போர்ட்டையும் ஓட்டுங்க, பிங் சோதனையைத் தவிர்க்கச் சொல்ற ஆப்ஷனோட. எல்லாம் ஃபில்டர்டுன்னு (பதிலே இல்லைன்னு) வரணும். ஒரு போர்ட்டாவது ஓப்பன்னு வந்தா அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போகாதீங்க. ஆபீஸ் வைஃபையிலேருந்து லாகின் பக்கம் தெரியறதும் நல்லதில்லை. ரவுட்டரோட வெப், டெல்நெட், எஃப்டிபி சர்வீஸ்களை அணைச்சுட்டு, வின்பாக்ஸை ஒரே ஒரு மேனேஜ்மென்ட் ஐபிக்கு மட்டும் விடுங்க. 2018-இல் வந்த சிவிஇ-2018-14847 வின்பாக்ஸ் வழியா பாஸ்வேர்டையே வாரிக்கிட்டுப் போச்சு. திருத்தின வெர்ஷன் ஏற்கெனவே வெளியாகியும் அப்டேட் பண்ணாதவங்கதான் அகப்பட்டாங்க.

பயோமெட்ரிக்: ஐபியும் கேட்வேயும் மெஷின் மெனுவில் கையால் போட்டது, அட்டெண்டன்ஸ் சாஃப்ட்வேர்லயும் பழைய ஐபியே இருக்கும். மூணு இடத்தையும் மாத்துங்க. அப்படியே காம் கீ 0 என்று இருக்கும், அதுக்கு ஒரு எண் கொடுங்க. 0-ன்னா சாவியே இல்லைன்னு அர்த்தம்.

பிஎல்சி: ஐபியைத் தொடாதீங்க. திரை பேனலுக்குள்ளயும் அந்த முகவரி எழுதியிருக்கும், ஒண்ணை மாத்தினா லைன் நின்னுடும். விலான் 40-இல் 192.168.1.x அப்படியே இருக்கட்டும். வில்லியனூரில்தான் அந்த எண் வரக் கூடாது.

ஆடிட்டர்: தனி வயர்கார்டு பியர் (டன்னலில் அவருக்கான பதிவு), தனிச் சாவி. அவர் லேப்டாப்பில் அலவ்டு ஐபிஸ் 10.33.20.10/32, அதாவது டேலி சர்வர் மட்டும். அங்கே 0.0.0.0/0ன்னு எழுதிட்டா அவரோட யூடியூப் உட்பட எல்லாம் உங்க லைன் வழியாப் போகும். ஆனா லேப்டாப்பில் எழுதினதை அவரே மாத்திக்கலாம். அதனால் கடலூர் ரவுட்டர் ஃபார்வர்டிலும் அவர் டன்னல் ஐபிக்கு அந்த சர்வர், 3389 மட்டும்னு ரூல் வேணும். லேப்டாப் தொலைஞ்சா பியரை அழிச்சா போதும். சர்வரில் அவருக்குத் தனி யூசர், அட்மினிஸ்ட்ரேட்டர் கிடையாது.

விலான் போடும்போது ஒண்ணு: ரவுட்டரோட பிரிட்ஜில் (போர்ட்டுகளைச் சேர்த்துக் கட்டினது) விலான் ஃபில்டரிங்கை ஆன் பண்றதுக்கு முன்னாடி, பிரிட்ஜையே ஒவ்வொரு விலானிலும் டேக்டாக (விலான் எண்ணோட) சேர்த்திருக்கணும். இல்லைன்னா அழுத்தின அடுத்த நொடி ரவுட்டரையே எட்ட முடியாது. ஈத்தர்5-ஐ பிரிட்ஜுக்கு வெளியே தனி ஐபியோட வெச்சுக்குங்க, அவசரத்துக்கு அதுதான் ஏணி.

ரேக்ரூம்_புதுவை:

வெளியே போகும் பக்கமும் சில ரூல்கள். டிசிபி 25 (மெயில்), 445 (விண்டோஸ் ஃபைல் ஷேரிங்) இரண்டும் இன்டர்நெட்டுக்குப் போகத் தடை. 2017 மே 12 வானாகிரை ரான்சம்வேர் எஸ்எம்பி 445 வழியாகத்தான் பரவியது. அதற்கான பேட்ச் மார்ச் 14-லேயே வந்துவிட்டது. சர்வருக்கு விண்டோஸ் அப்டேட், டேலி லைசென்ஸ் தவிர இன்டர்நெட் எதற்கு?

பேக்கப்பை சர்வர் தள்ளக் கூடாது, நாஸ் (நெட்வொர்க் டிஸ்க்) பெட்டி வந்து எடுக்க வேண்டும். நாஸில் எழுதும் உரிமை சர்வரிடம் இருந்தால், சர்வரைப் பூட்டுகிறவர் அதையும் சேர்த்துப் பூட்டுவார். எப்போதும் சொருகியே இருக்கும் யுஎஸ்பி டிஸ்க்குக்கும் அதே கதிதான். இரண்டு டிஸ்க் மாற்றி மாற்றி, ஒன்று ஃபேக்டரிக்கு வெளியே.

லாக்: ரவுட்டர் நினைவில் 1000 வரிதான் வைத்திருக்கும், ரீபூட்டில் அதுவும் போய்விடும். யுடிபி 514 வழியாக ஒரு பழைய கம்ப்யூட்டருக்கு அனுப்பிச் சேமியுங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் (CERT-In) 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவுப்படி 180 நாள் லாக் வைக்க வேண்டும், தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கடிகாரங்களும் என்டிபியில் இணைந்திருக்க வேண்டும்.

மழைக்காலத்துக்கு ஒரு ஏற்பாடு. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மாதிரி ஒரு நாளில் ஓஎன்டி எரிந்தால், மாற்றாக வரும் பெட்டி ரவுட்டர் மோடில், யுபிஎன்பி ஆனில் வரலாம். நெட் வரவில்லை என்று யாராவது சுவிட்ச் வயரைப் பிடுங்கி ஓஎன்டியில் சொருகிவிட்டால், உங்கள் ஃபயர்வால் ரேக்கில் ஓரமாக உட்கார்ந்திருக்கும், நெட்வொர்க் நேராக வெளியே இருக்கும். ஓஎன்டியின் மீதி லேன் போர்ட்டுகளில் மூடி போட்டு, சரியான வயரில் சிவப்பு டேப் சுற்றுங்கள். ரவுட்டர் கான்ஃபிக்கை ஏற்றுமதி செய்து, ஏற்றித் தயாரான இன்னொரு ரவுட்டரை அலமாரியில் வையுங்கள்.

சிப்காட்_சிஸ்டம்ஸ்:

என்மேப்பில் எல்லாம் ஃபில்டர்டு. 4625 நின்றுவிட்டது. கடைசியாக ஒன்று: நேற்று வில்லியனூரில் கரண்ட் போய் வந்த பிறகு, இன்டர்நெட் இருந்தும் டன்னல் ஏறப் பத்து நிமிடம் ஆனது. ஹேண்ட்ஷேக் (டன்னலின் இரு முனையும் கைகுலுக்குவது) நேரம் மாறவே இல்லை.

உப்பனாறு:

கடிகாரம். வயர்கார்டு ஹேண்ட்ஷேக்கில் நேர முத்திரை ஒண்ணு போகும். கடைசியா பார்த்த நேரத்தைவிடப் பழைய நேரத்தோட வந்தா, யாரோ பழைய பாக்கெட்டைத் திருப்பி அனுப்புறாங்கன்னு கடலூர் ரவுட்டர் தூக்கிப் போட்டுடும். அந்தச் சின்ன ரவுட்டரில் கடிகார பேட்டரி இல்லை. கரண்ட் போனா நேரம் பின்னால் போயிடும், என்டிபி சரிபண்ற வரைக்கும் டன்னல் ஏறாது. வில்லியனூர் ரவுட்டரில் என்டிபி சர்வரா 10.33.x முகவரியைக் கொடுத்திருக்கீங்களான்னு பாருங்க. டன்னலுக்கு நேரம் வேணும், நேரத்துக்கு டன்னல் வேணும்னு ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டு நிக்கும். அந்த ரவுட்டருக்கு மட்டும் வெளி என்டிபி சர்வர் ரெண்டைக் கொடுங்க, பேரா இல்லாம ஐபியா. ஓஎன்டியையும் ரவுட்டரையும் ஒரே சின்ன யுபிஎஸ்ஸில் போட்டா பாதி நாள் இந்தப் பேச்சே வராது.